பருந்து போட்டுப்போன குஞ்சு

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

செல்வி அத்தை: பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டது. கறுப்புப் பெட்டை பறந்து பாயவும் வேலியோரம் போட்டுவிட்டுப் போய்விட்டது. முதுகுத்தோல் கிழிந்து சதை தெரிகிறது. 15 நாள் குஞ்சு. என்ன செய்ய?

செல்வி அத்தை: (படம்)

முருகேசன் மாமா: மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசித் தாயோடு விடு. பிழைக்கிறது பிழைக்கட்டும்.

திவ்யா: தாயோடு இப்போது வேண்டாம் மாமா. சிவப்பாகக் கண்டால் கூடப்பிறந்ததுகளே கொத்திக் கொன்றுவிடும். எண்ணெயும் வேண்டாம், இறகு ஒட்டிக்கொண்டு குளிர் ஏறிவிடும். அத்தை, ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்துத் தனியாக வையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். பெட்டாடின் இருந்தால் பால் சேர்க்காத இளம் தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றி எடுங்கள்.

கார்த்திக்: நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் கட்டிய பணம் இன்றைக்குத்தான் உதவுகிறது

திவ்யா: நீ பேசாதே அண்ணா

செல்வி அத்தை: கழுவிவிட்டேன். பல்பு போட்டும் நடுங்குகிறது.

திவ்யா: என்ன பல்பு?

செல்வி அத்தை: எல்இடி.

திவ்யா: அதில் போதுமான சூடு வராது அத்தை. பழைய 60 வாட் குண்டு பல்பு இருக்கிறதா?

முருகேசன் மாமா: மாட்டுக்கொட்டகையில் ஒன்று தொங்குகிறது. அதைக் கழற்று.

திவ்யா: பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் சூடு படட்டும். பல்புக்குக் கீழேயே ஒண்டிக் கத்தினால் சூடு போதவில்லை. தள்ளிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். இந்த வயசுக்கு 32 டிகிரி போல இருக்க வேண்டும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள்.

பாட்டி: (குரல் பதிவு)

கார்த்திக்: பாட்டி சொல்வது: வாயைப் பிளந்து கருப்பட்டித் தண்ணீர் ஊற்று.

திவ்யா: கருப்பட்டித் தண்ணீர் நல்லதுதான், ஊற்றத்தான் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அலகை மட்டும் நனைத்துவிடுங்கள், தானே குடிக்கும். குடித்த தண்ணீர் கழுத்துப் பக்கம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையும் கிழிந்திருக்கிறது, தையல் போட வேண்டும்.

செல்வி அத்தை: ஒழுகவில்லை. குடித்துவிட்டுத் தூங்குகிறது.

சித்தப்பா: காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும். (படம்)

செல்வி அத்தை: திவ்யா, விடிந்து பார்த்தால் குஞ்சு பந்து மாதிரி உப்பியிருக்கிறது! அமுக்கினால் கொழகொழ என்று உள்ளே காற்று நகர்கிறது. விஷம் ஏறிவிட்டதா?

திவ்யா: விஷம் இல்லை அத்தை. கோழிக்கு நுரையீரலோடு உடம்புக்குள் காற்றுப்பைகளும் உண்டு. பருந்தின் நகம் ஒன்றைக் கிழித்திருக்கும். இழுக்கிற மூச்சு தோலுக்கடியில் போய்ச் சேருகிறது. பார்க்கத்தான் பயம், பல நேரம் தானே அடைத்துக்கொள்ளும். மூச்சு முட்டினால்தான் ஊசியால் காற்றை இறக்க வேண்டும். அதை நீங்கள் செய்யாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

முருகேசன் மாமா: ஒரு குஞ்சுக்கு ஆட்டோவா?

செல்வி அத்தை: நீங்கள் திருப்பூரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாம். பால்காரத் தம்பி வண்டியில் போகிறேன்.

செல்வி அத்தை: போய் வந்துவிட்டேன். டாக்டர் இரண்டு இடத்தில் குத்தினார், காற்றுப்போன பலூன் ஆகிவிட்டது. திரும்ப உப்பினால் கூட்டிவரச் சொன்னார். ஈ மொய்க்காமல் இருக்கப் பெட்டிக்குக் கொசுவலை போட்டிருக்கிறேன்.

திவ்யா: அதுதான் முக்கியம் அத்தை. ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு நெளியும். இறக்கைக்கு அடியிலும் பாருங்கள். பெட்டியைத் தாய்க்கோழி சத்தம் கேட்கிற இடத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு சேர்க்காது.

பாட்டி: (குரல் பதிவு)

கார்த்திக்: கரையான் பிடித்துப் போடு, ஒரு வாரத்தில் எழுந்து ஓடும் என்கிறார்.

திவ்யா: இதில் பாட்டிதான் டாக்டர். நொய்யோடு கரையான் கொடுங்கள்.

செல்வி அத்தை: காயம் பொருக்குத் தட்டிவிட்டது. நேற்றுப் பகலில் தாயிடம் விட்டேன், கொத்தி விரட்டுகிறது.

திவ்யா: பகலில் விடாதீர்கள். இருட்டியபின், அடைந்து கிடக்கும்போது வயிற்றுக்கடியில் மெல்லத் தள்ளிவிடுங்கள்.

செல்வி அத்தை: சேர்ந்துவிட்டது! காலையில் எல்லாம் ஒன்றாக மேய்கின்றன.

முருகேசன் மாமா: பருந்து ஒரு தடவை ருசி கண்டால் திரும்ப வரும். சனிக்கிழமை வரும்போது பழைய மீன்வலை வாங்கி வருகிறேன். முற்றம் எத்தனை அடி?

செல்வி அத்தை: கட்டினது நீங்கள்தானே. அளந்து சொல்கிறேன், இருங்கள்.