கணக்கில் வராத கணுக்கால்

காரைக்குடியிலிருந்து:

ஊரில் சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம் என் அம்மாவுக்கு. அதற்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்தும் வீக்கம் அடங்காததால், மதுரை மருத்துவமனை ஒன்றில் புதிய மருந்துக்கான ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். இளம் மருத்துவர் ஒருவர் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிப்பதையும் வீங்கியிருப்பதையும் தனித்தனியே குறித்துக்கொண்டார். பிறகு 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் காட்டி, நோய் எவ்வளவு வாட்டுகிறது என்று அதில் குறி போடச் சொன்னார். அம்மா பேனாவை வாங்காமல், சேலையைச் சற்று உயர்த்திப் புடைத்திருந்த கணுக்காலைக் காட்டி, "தம்பி, இதை அழுத்திப் பார்க்கவில்லையே" என்றார்கள். "இந்தக் கணக்கில் பாதமும் கணுக்காலும் வராதும்மா" என்றார் அவர்.

வீட்டு முகப்பிலிருந்து வளவு முற்றத்தைக் கடந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் அம்மா படும் பாடு எனக்குத் தெரியும். காலை விறைப்பு தளருமுன் ஆத்தங்குடிக் கல் தரையில் முதல் அடி வைப்பதுதான் அவர்களுக்கு நாளின் கடினமான வேலை. மூட்டு எண்ணிக்கை, இரத்தப் பரிசோதனை, அந்தக் கோடு ஆகியவற்றைச் சேர்த்து வரும் மதிப்பெண் 2.6க்குக் கீழே இறங்கினால் நோய் தணிந்ததாக எழுதுவார்களாம். கால் வீங்கியே இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்களா?

தேவகோட்டையிலிருந்து:

தங்கை சொன்னதில் பாதியை நான் ஏற்கவில்லை. என் மனைவி சேர்ந்த ஆய்வில் தாடை மூட்டு முதல் கால்விரல் வரை பார்த்தார்கள். வலிக்கு 68 மூட்டுகள். இடுப்பு மூட்டின் வீக்கம் கைக்குத் தட்டுப்படாது என்பதால் வீக்கத்துக்கு 66. கால்விரலை அழுத்தியபோது அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே எல்லா ஆய்வும் காலை விட்டுவிடுகிறது என்று எண்ண வேண்டாம்.

கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண் என்ன என்று கேளுங்கள். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்றைத் தமிழில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அடலிமுமாப் போன்ற ஊசி என்றால் முதலில் காசநோய்ப் பரிசோதனை அவசியம். உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் கிருமியைக் கட்டி வைத்திருக்கும் காவலையே அந்த ஊசி தளர்த்திவிடும். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை என்பதை மருந்து எடுத்துக் கொடுப்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பள்ளத்தூரிலிருந்து:

அண்ணன் சொன்னவை அத்தனையும் தேவையானவை. ஆனால் தங்கை கேட்டது காலைப் பற்றி.

எங்கள் சித்தி ஆய்வில் இருந்தபோது, மூட்டு எண்ண வந்தவரிடம், "போன ஊசிக்குப் பிறகு" என்று தொடங்கினார். அவர் உடனே கையை உயர்த்தி, "அதை என்னிடம் சொல்லாதீர்கள்" என்று தடுத்துவிட்டார். சித்தி அன்று முழுவதும் பேசவில்லை. மருந்தைப் பற்றி அறிந்தவர் எண்ணினால் விரல் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால்தான் எண்ணுபவரைத் தனியே வைக்கிறார்கள் என்று பிறகு விளக்கினார்கள். 2011இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்விலும் இதே கட்டுப்பாடு இருந்தது. முடக்குவாத நோயாளிகள் 43 பேரை மூன்று பிரிவாக்கி, ஆயுர்வேதம் பெற்றவருக்கு மருந்தில்லாத போலி மெத்தோட்ரெக்சேட்டும், மெத்தோட்ரெக்சேட் பெற்றவருக்குப் போலி ஆயுர்வேத மருந்தும், மூன்றாம் பிரிவுக்கு இரண்டின் அசலும் கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி 36 வாரம் நடத்தினார்கள்.

அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனாலும் 28 மூட்டுக் கணக்கில் அம்மா தன் கணுக்காலைப் பற்றித் தானே சொல்ல இருக்கும் வழி அந்தக் கோடுதான். கையை மட்டும் நினைத்துக் குறி போட வேண்டாம், காலையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். கணுக்கால் வீக்கத்தைக் கோப்பில் தனியே எழுதும்படி ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள்.