மறு: கேமரா பிடித்தால் யார் பொறுப்பு? (கலைச்சொல் உதவி)

அனைவருக்கும் வணக்கம்.

சாலை விதிகள் பற்றிய ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்குவதற்காக நான் கேட்டிருந்த கலைச்சொற்களுக்கு இத்தனை மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> என்போர்ஸ்மென்டுக்கு 'அமலாக்கம்' என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. 'கேமரா அமலாக்கம்' என்று போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே?

போடலாம். ஒரே ஒரு தயக்கம்தான். நம் செய்தித்தாள்களைப் படிப்பவருக்கு அமலாக்கம் என்றதும் ரெய்டும் பூட்டிய பீரோவும்தான் நினைவுக்கு வரும். மற்றபடி எனக்கு மறுப்பில்லை. 'அமல்' அரபு வழி வந்தது என்பதைக் காரணம் காட்டி 'செயற்படுத்தம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிக்னலில் நிற்கும் ஆளுக்கு அது போய்ச் சேராது.

'கேமரா அபராதம்' என்று சுருக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தெருவில் அப்படித்தான் சொல்கிறார்கள்: "கேமராவுல ஃபைன் விழுந்துடுச்சு." ஆனால் எல்லா ஊரிலும் முடிவு அபராதம்தான் என்றில்லை. பிரிட்டனில் வேக வரம்பைக் கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு, அபராதத்துக்கும் உரிமத்தில் ஏறும் புள்ளிகளுக்கும் பதிலாக, கட்டணம் கட்டி ஒரு வகுப்பில் உட்காரும் வாய்ப்புத் தருகிறார்கள். அதை அபராதம் என்று எப்படி எழுதுவது? அமலாக்கமே இருக்கட்டும்.

> அமலாக்கத்துக்குப் பதிலாக 'விதிகாப்பு' எப்படி இருக்கிறது? குட்டிச் சொல், தனித்தமிழ்.

சொல் அழகுதான். ஆனால் விதி என்றாலே நம்மவர்களுக்குத் தலைவிதிதான். கூடவே காப்பும் சேர்ந்தால் கோயிலில் மந்திரித்துக் கையில் கட்டும் கயிறு என்று நினைத்துவிடுவார்கள். சாலையில் நம் ஆட்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் அந்தக் கயிற்றைத்தான் என்பது வேறு விஷயம்.

> எண் பலகையைப் படிக்கும் கேமராவுக்கு 'பதிவெண் படிப்பி'.

'வருடி' போல -இ விகுதி போட்டு ஆக்கியிருக்கிறீர்கள். ஆனால் 'படிப்பி' என்றால் 'பிள்ளையைப் படிக்க வை' என்ற ஏவலாகவும் காதில் விழுகிறதே ஐயா! 'வாசிப்பி'க்கும் இதே கதிதான். 'பதிவெண் படிக்கும் கேமரா' என்று மூன்று சொல்லில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? கலைச்சொல் ஒரே சொல்லாக இருந்தாக வேண்டும் என்பது நாமே போட்டுக்கொண்ட விலங்கு. 2019இல் சென்னை அண்ணா நகரில் இந்தக் கேமராக்கள் வந்தன. அங்குள்ளவர்கள் இன்றுவரை அதை வெறும் கேமரா என்றுதான் சொல்கிறார்கள்.

(இடையில் ஒரு பொதுநல அறிவிப்பு. இந்தக் குழுவில் 'த.நா.' என்று தமிழ் எழுத்தில் பலகை மாட்டியிருக்கும் அன்பர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். கேமராவுக்கும் உங்கள் தமிழ்ப்பற்று புரியாது.)

சரி, என்னை உண்மையில் தூங்கவிடாத சொல்லுக்கு வருகிறேன். கேமரா ஆளைப் பிடிப்பதில்லை, பலகையைத்தான் பிடிக்கிறது. அப்படியானால் தப்புக்கு யார் தலை கொடுப்பது? 'ஓனர் லயபிலிட்டி' என்று கையேட்டில் இருப்பதை நான் 'உரிமையாளர் பொறுப்பு' என்று எழுதியிருந்தேன். அது போதாது என்று இப்போது தோன்றுகிறது.

தெரிந்தவர் ஒருவர் தன் பழைய பைக்கை விற்றார். காசு கைமாறியது, வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. இன்றைக்கும் இவர் போனுக்குத்தான் இ-செலான் வருகிறது. படத்தைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகு, ஹெல்மெட் இல்லாத பின்தலை, கீழே பளிச்சென்று இவருடைய எண். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 194டி, 1,000 ரூபாய். அந்த வண்டிக்கு இவர் உரிமையாளரா? ஊர் வழக்கில் இல்லை. சட்டத்தில் ஆம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொன்னது. அது விபத்து இழப்பீட்டு வழக்குதான், ஆனாலும் சட்டம் 'உரிமையாளர்' என்று யாரைச் சொல்கிறது என்பது அதில் தெளிவாகிவிட்டது. ஆகவே 'பதிவுதாரர் பொறுப்பு' என்று வைத்தால், படிக்கிறவருக்கு அந்தச் சொல்லிலேயே எச்சரிக்கை கிடைக்கும்: வண்டியை விற்றாயா, முதலில் பெயரை மாற்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது 'டிரைவர் லயபிலிட்டி'. 'ஓட்டுநர் பொறுப்பு' என்று கோவையிலிருந்து ஐயா எழுதியிருந்தார். ஓட்டுநர் என்றால் நமக்கு அது ஒரு வேலை: பேருந்து ஓட்டுநர், ஆட்டோ ஓட்டுநர். இங்கே கேட்பது, அந்த நொடியில் கைப்பிடியைப் பிடித்திருந்தது யார் என்று. அதற்குத் தமிழில் இறந்தகால வினையாலணையும் பெயர் தயாராக இருக்கிறது: 'ஓட்டியவர்'. எனவே 'ஓட்டியவர் பொறுப்பு'.

இந்தப் பிரிவினை நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் இரண்டு சொல் ஏன் வேண்டும் என்பது விளங்கும். ஜெர்மனியில் வேகத்துக்கான தண்டனை ஓட்டியவருக்கு மட்டுமே. அதனால்தான் அங்கே கேமரா முன்னாலிருந்து முகத்தைச் சேர்த்து எடுக்கிறது. ஓட்டியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனால், 'இனி இந்த வண்டியை யார் எப்போது எடுத்தார் என்று குறிப்பேடு எழுதி வை' என்று பதிவுதாரருக்கு உத்தரவு போடலாம். பிரிட்டன் நடுவழி: ஓட்டியது யார் என்று சொல்ல வேண்டிய கடமை வண்டியை வைத்திருப்பவருக்கு, சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். தன்னையே காட்டிக்கொடுக்கச் சொல்வது நியாயமா என்று இரண்டு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007இல் தோற்றார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே கடமையைத்தான் சொல்கிறது. ஆனால் அதை யார் சீண்டுகிறார்கள்? செலானைக் கட்டினால் கதை முடிந்தது. ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாயோடு மூன்று மாதம் உரிமத் தகுதிநீக்கமும் சட்டத்தில் உண்டு. பின்தலையை வைத்து யாருடைய உரிமத்தை நிறுத்துவது? பணம் பதிவுதாரரிடம் போகிறது, உரிமம் ஓட்டியவரிடம் பத்திரமாக இருக்கிறது.

> சைக்கிளுக்கும் பலகை மாட்டச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே சொல், ஒரே நீதி. சிக்னலை மதிக்காமல் போவதில் அவர்கள் மட்டும் சளைத்தவர்களா?

சளைத்தவர்கள் இல்லை. நானும் சைக்கிள்காரன்தான், என் இனத்தை எனக்குத் தெரியும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் அடங்கும் மின்சைக்கிளுக்கும் பதிவு கிடையாது. செய்தித்தாளில் 'இரு சக்கர வாகன ஓட்டிகள்' என்று வந்தாலும் அதில் நாங்கள் சேர்த்தி இல்லை. எங்களுக்கும் சக்கரம் இரண்டுதான் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை!

முன்பு உள்ளாட்சியில் வரி கட்டி சைக்கிளுக்கு வில்லை வாங்கி மாட்டிய காலம் ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வில்லை வரி வசூலுக்காக வந்தது, ஓடுகிற சைக்கிளைத் தூரத்திலிருந்து அடையாளம் காண அது உதவாது. சிங்கப்பூரில் 2018 முதல் மின்மோட்டார் துணையோடு ஓடும் சைக்கிளுக்குப் பதிவும் பலகையும் கட்டாயம், சாதா சைக்கிளுக்கு இல்லை. அந்தக் கோடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 90 கிலோ சைக்கிள் 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, 1,200 கிலோ கார் 50இல் வருகிறது. மோதும்போது கார் கொண்டுவரும் ஆற்றல் 80 மடங்குக்கும் மேல். ஒரே நீதி என்றால் ஒரே கருவி என்று பொருளில்லை.

அதற்காகச் சைக்கிள்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. லண்டனில் முன்பிரேக் இல்லாத சைக்கிள் மோதி ஒரு பெண் இறந்த வழக்கில், 2017இல் ஓட்டியவருக்கு 18 மாதத் தண்டனை கிடைத்தது. அதற்கு அவர்கள் தேடி எடுத்தது குதிரை வண்டிக் காலத்து 1861ஆம் ஆண்டுச் சட்டத்தை. அங்கே பலகையும் இல்லை, பதிவுதாரரும் இல்லை, இருந்தது ஓட்டியவர் மட்டும். ஆக, சைக்கிள் அத்தியாயத்தில் 'ஓட்டியவர் பொறுப்பு' மட்டுமே வரும்.

கடைசியாக 'அக்கவுன்டபிலிட்டி', அதாவது செய்ததற்குப் பதில் சொல்லும் கடமை. 'பதிற்பொறுப்பு' என்று கோவை ஐயா கொடுத்திருந்தார். பதில் என்ற அரபுச் சொல்லுக்கு லகரம் றகரமாகத் திரியும் புணர்ச்சி விதியைப் போட்ட துணிச்சலை ரசித்தேன். டொராண்டோவில் இருக்கும் ஈழத்து அண்ணன் இப்படி எழுதியிருந்தார்:

> எங்கட ஆக்களுக்குப் 'பொறுப்புக்கூறல்' எண்டால் போரில நடந்ததுக்கு அரசாங்கம் சொல்ல வேண்டிய பதில். ஜெனீவாவில ஒவ்வொரு முறையும் கேக்கிற சொல். சிவப்பு விளக்கில போன ஆளுக்கு அதைப் போட்டால் சரிவராது தம்பி.

இதைப் படித்ததும் எனக்கு வழி பிறந்துவிட்டது. பொறுப்புக்கூறல் என்பது அதிகாரம் உள்ளவர் மற்றவர்களுக்குச் சொல்லும் பதில் என்றால், இந்தக் கையேட்டில் அதற்கு மிகப் பொருத்தமான ஆள் கேமராவை வைத்தவர். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ விதியைப் பாருங்கள். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். விதிமீறலுக்கான அறிவிப்பை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதில் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவையெல்லாம் கேமராக்காரர் நமக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. ஆங்கிலக் கையேடு இரண்டு பக்கத்துக்கும் அக்கவுன்டபிலிட்டி என்ற ஒரே சொல்லைப் போட்டு மழுப்பியிருக்கிறது. நாம் பிரித்துவிடலாம்: சாலையில் போகிறவருக்குப் 'பொறுப்பு', கேமரா வைத்தவருக்குப் 'பொறுப்புக்கூறல்'. ஐயாவின் பதிற்பொறுப்பை இந்தக் கையேட்டுக்கு மட்டும் விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
கேட்டவன்

————

கோபமெல்லாம் இல்லை. 'ஓட்டியவர்' நன்று, என் 'ஓட்டுநர்' வாபஸ். ஆனால் 'பதிவுதாரர்' என்பதில் தாரர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாரசீகம். என் பதிலுக்கு மட்டும் சுங்கம் விதித்துவிட்டு உங்கள் தாரரைச் சத்தமில்லாமல் கடத்துகிறீர்களே. 'பதிந்தவர் பொறுப்பு' என்றால் என்ன?

————

தம்பிக்கு,

பிரிச்சது நல்லம். 'இலக்கத்தகடு' எண்டும் ஒரு இடத்தில போடுங்கோ. பலகை எண்டால் எங்களுக்கு மரப்பலகைதான். இங்க ஒன்டாரியோவில கமெரா வைச்சு வேகத்துக்குத் தண்டம் அடிக்கிறதையே 2025 நவம்பர் 14ஓட நிப்பாட்டிப் போட்டாங்கள். முந்தியும் காசு தகட்டுச் சொந்தக்காரருக்குத்தான், லைசென்ஸில புள்ளி ஒண்டும் ஏறாது. ஓட்டினது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. காசு மட்டும் பிடுங்கினம் எண்ட கதை அதாலதான் சனத்திட்ட எடுபட்டது எண்டு நான் நினைக்கிறன். நீங்கள் சொல்லுற இரண்டு சொல்லும் அண்டைக்கே எங்களிட்ட இருந்திருந்தால், வானொலியில விளங்கப்படுத்த லேசா இருந்திருக்கும்.

சிவப்பு விளக்குக் கமெரா இன்னும் இருக்கு, கவனம்.

————

ஐயா, 'பதிந்தவர்' என்றால் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்திய எழுத்தர் என்றும் ஆகிவிடும். பத்திரப் பதிவில் இந்தக் குழப்பம் ஏற்கெனவே உண்டு. தாரர் கடத்தல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், பொறுப்பு ஓட்டியவருடையது.

அண்ணா, இலக்கத்தகடு முதல் பக்கத்திலேயே வரும், 'பதிவெண் பலகை (இலக்கத்தகடு)' என்று. நீங்கள் சொன்ன ஒன்டாரியோ செய்தியை, பதிவுதாரர் பொறுப்பு என்ற இடத்தில் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. வந்த செலான் தவறு என்று எதிர்ப்பதற்கு என்ன சொல்? 'மேல்முறையீடு' இல்லை, நீதிமன்றம் இன்னும் தீர்ப்பே சொல்லவில்லையே. 'ஆட்சேபணை' சரியாக இருக்கும், ஆனால் நாளிதழில் வரும் நில ஏல அறிவிப்பு போலத் தொனிக்கிறது. வண்டியை விற்ற அந்த நண்பர் "நான் இல்லைன்னு எழுதிப் போடணும்" என்றுதான் சொல்கிறார். 'மறுப்பு மனு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அச்சுக்கு வெள்ளிக்கிழமை போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.