கார்ட்டூன் பார்த்து அழுவது பொய் அழுகையா?

கொக்கிரகுளத்துக்காரன்:
போன ஞாயிற்றுக்கிழமை 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' பார்த்தேன். ஜப்பானில் இசாவோ தகாஹதா 1988இல் எடுத்த அனிமேஷன் படம். இரண்டாம் உலகப் போரில் கோபே நகரத்தில் குண்டு விழுந்து அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பையனும் அவன் தங்கச்சியும் பட்டினியில் கரைந்து போகிற கதை. தொடக்கத்திலேயே ரயில் நிலையத்தில் ஒருவர் பழைய மிட்டாய் டப்பா ஒன்றை வெளியே இருட்டில் வீசுவார், மூடி திறந்து சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் புல்லில் விழும். அது யாருடைய எலும்பு என்று புரிந்த பிறகு, படம் முழுக்க அந்த டப்பா வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வாய்விட்டு அழுதுவிட்டேன். "கார்ட்டூனுக்கா அழுதே?" என்று கேட்டுவிட்டுப் போனான் அண்ணன். நடிகர்கள் நடித்த எந்தப் படத்துக்கும் நான் இப்படி அழுததில்லை. வரைந்த படத்துக்குத்தான் அந்தச் சக்தி இருக்கிறது என்று சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தென்காசிச் சாரல்:
நான் மறுக்கிறேன் தம்பி. இது பழகிய கைவேலை. 1942இல் 'பாம்பி' படத்தில் மான்குட்டியின் அம்மா செத்தது, 1994இல் லயன் கிங்கில் சிம்பாவின் அப்பா செத்தார், இன்றைக்கும் அதே வழிதான். 2009இல் வந்த 'அப்' படத்தின் தொடக்கத்தில் கணவன் மனைவி வாழ்க்கை முழுவதும் பேச்சே இல்லாமல் சில நிமிடங்களில் ஓடும், எல்லாரும் அழுத காட்சி அது. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், பாதி கண்ணீர் வராது. இசைக்கு ஆஸ்கர் கொடுத்தது சும்மா இல்லை. 'டாய் ஸ்டோரி 3'இல் பொம்மைகள் உலைக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நாம் அழுது முடித்ததும் காப்பாற்றிவிடுவார்கள். என்ன நியாயம்? இதை வெறுப்பில் சொல்லவில்லை. எங்கள் ஆச்சி இறந்தபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, பந்தல் போட, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல, ஐஸ் பெட்டிக்கு அலைய என்று ஓடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு கார்ட்டூனுக்குத் தேம்பி அழுதேன். அன்றைக்கு என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அம்பை டீச்சர்:
சாரல் அண்ணாச்சி, அந்தக் கண்ணீர் ஆச்சிக்கு உள்ளதுதான், தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊருக்குத் தோல்பாவைக் கூத்து வரும். ஆட்டுத் தோலில் வெட்டி, சாயம் ஏற்றின பாவைகள். வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால் விளக்கு, ஒரே ஆள் எல்லாக் குரலும் பேசுவார். நல்லதங்காள் கதை அன்றைக்கு என்றால் பெண்கள் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தவளை அண்ணி மூளி அலங்காரி விரட்டி, ஏழு பிள்ளைகளையும் அவள் கிணற்றில் தள்ளுகிற இடத்தில் ஒப்பாரி திரைக்கு இந்தப் பக்கம்தான் கேட்கும். ஒன்றைக் கவனியுங்கள், தோல்பாவைக்கு முகம் மாறாது. சிரிக்கிற காட்சியிலும் அதே கண், பிள்ளையைத் தள்ளுகிற காட்சியிலும் அதே கண். மாறாத அந்த முகத்தில் எங்கள் அம்மா தன் முகத்தைப் பார்த்தார்கள். நடிகை அழுதால் நடிகைதான் அழுகிறாள். வரைந்த முகத்தில் நமக்கு இடம் இருக்கிறது.

தென்காசிச் சாரல்:
டீச்சர், அது ஊரே பட்டினி தெரிந்த காலம், கதை அவர்கள் கதை. தரையில் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக அழுதார்கள். நாம் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 1945 ஜப்பானுக்கு அழுகிறோம். இரண்டும் ஒன்றா?

கொக்கிரகுளத்துக்காரன்:
கைவேலை என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணாச்சி. இந்தக் கதையை எழுதிய அகியுகி நொசாகாவின் தங்கை 1945இல் பட்டினியில் செத்துப் போனது, அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் 1967இல் எழுதினார். இயக்குநர் தகாஹதாவுக்கும் ஒன்பது வயதில் ஒக்காயாமாவில் குண்டு மழை, நெருப்புக்குள் ஓடிப் பிழைத்தவர். குழந்தை பசியில் மண்ணை உருட்டிச் சோற்று உருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிற காட்சி இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த மண் உருண்டையைத் தாள் தாளாக வரைந்திருக்கிறார், அந்தப் பிஞ்சு விரல் மடங்குவதை வரைந்திருக்கிறார். அவ்வளவு நேரம் ஒரு குழந்தையின் பசியோடு உட்கார்ந்திருந்த கை அது.

பாளையங்கால்:
எனக்கு வாதம் பண்ண வராது. நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம் எங்கள் வீடு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் உள்ளே இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளை மாடியில் ஏற்றிவிட்டோம், பீரோவை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஆச்சி போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. அவளுக்கு இருந்ததே அந்த ஒரு போட்டோதான். மெதுவாக உரித்தேன், முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது, என் கையில் சேலைக் கரையும் ஒரு காதும்தான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் பிள்ளைகள் 'கோகோ' போட்டார்கள், 2017இல் வந்த படம், மெக்சிகோவில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிற நாளைப் பற்றியது. படையலில் போட்டோ இல்லாவிட்டால் இறந்தவர் வீட்டுக்கு வர முடியாது. உயிரோடு இருப்பவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லாமல் போனால் இறந்தவர்கள் உலகத்திலிருந்தும் மறைந்துவிடுவார்கள். கடைசியில் கோகோ என்கிற பாட்டி, கொள்ளுப்பேரன் பாடுவதைக் கேட்டு, தன் நோட்டுக்குள்ளிருந்து அப்பாவின் முகம் இருக்கிற கிழிந்த துண்டை எடுத்துக் கொடுப்பாள். சுருக்கம் விழுந்த அந்தக் கை நோட்டைப் பிரிக்கும்போதே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். வெள்ளத்தில் அழவில்லை, சேறு வாரும்போது அழவில்லை, அன்றைக்குத்தான் அழுதேன். போன ஆடி அமாவாசைக்கு போட்டோ இல்லாமல் ஆணியில் வெறும் மாலைதான் போட்டோம்.

அம்பை டீச்சர்:
ஐயோ, மக்கா.

தென்காசிச் சாரல்:
தங்கச்சி, 'டாய் ஸ்டோரி' பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், அது ஏமாற்றுதான். ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் சித்தப்பா, அத்தை வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் பார்த்தீர்களா? ஆச்சி எங்கேயாவது ஓரத்தில் நிற்பாள், பந்தி வரிசையிலாவது இருப்பாள். பழைய வீடியோ கேசட் இருந்தாலும் போதும். எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பையன் கூட்டத்துப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்துத் தருவான். தை அமாவாசைக்கு முன்னால் தேடுங்கள், கிடைத்தால் கொண்டுவாருங்கள், நானே கூட வந்து அவனிடம் சொல்கிறேன்.