வாடகை டவரில் ஓடும் மலிவு சிம்: உங்கள் அனுபவம் என்ன?

ஈஸ்ட் ஹாமிலிருந்து:
பிரிட்டனில் சொந்த நெட்வொர்க் வைத்திருந்தவை இஇ, ஓ2, வோடஃபோன், த்ரீ நான்குதான். அதிலும் கடைசி இரண்டும் 2025இல் இணைந்துவிட்டன. மற்ற சிம் கம்பெனிகள் எல்லாம் இவர்களிடம் மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையில் விற்பவர்கள். கிஃப்காஃபும் டெஸ்கோ மொபைலும் ஓ2வில் ஓடுகின்றன, லெபாரா வோடஃபோனில், ஸ்மார்ட்டி த்ரீயில். ஊருக்குப் பேச மலிவு நிமிடங்கள் கொடுத்தே வளர்ந்த லைக்காமொபைலும் இதே ரகம். 2006இல் அதைத் தொடங்கிய சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவுக்காரர்.

முன்பு நான் குடியிருந்தது ஒரு பேஸ்மெண்ட் ஃபிளாட். அங்கே இருந்தபோது இப்படி ஒரு சிம் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். வாசலில் சிக்னல் முழுசாக இருக்கும், படியிறங்கினால் சுத்தமாகப் போய்விடும். அறைத்தோழருக்கும் அதே டவர்தான். ஆனால் டவர் கம்பெனியிடமே நேராக வாங்கிய சிம் என்பதால், வீட்டு வைஃபை வழியாக அவருக்குக் கால் வந்துவிடும். என் போனின் செட்டிங்ஸில் அந்த வைஃபை காலிங் பட்டனே காட்டவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "இந்த பிளானில் கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் தெருவுக்கு ஏறிப்போய்ப் பேச வேண்டியிருந்தது. டவர் யாருடையது என்று பார்ப்பதோடு நிற்காமல் வைஃபை காலிங், 5ஜி, ரோமிங் மூன்றும் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜெர்சி சிட்டியிலிருந்து:
அமெரிக்காவில் இன்னொரு தொல்லை. ஜூலை 4 வாணவேடிக்கை முடிந்து கூட்டம் கலையும் நேரம், போனில் சிக்னல் நிறைய இருந்தும் டாக்ஸி ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற நண்பர் அதே டவரின் நேரடி வாடிக்கையாளர், அவர் உடனே வண்டி பிடித்துவிட்டார். டவரில் நெரிசல் வந்தால் நேரடி ஆட்களுக்கு முதலில் வழி, சில்லறைச் சிம்முக்கு அப்புறம்தான். டிப்ரயாரிட்டைசேஷன் என்று பிளானின் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தால் முன்னுரிமை டேட்டா தரும் சில்லறைக் கம்பெனிகளும் உண்டு. மற்ற நாட்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் மாற்றவில்லை.

லெஸ்டரிலிருந்து:
பிரிட்டனில் மாற நினைப்பவர்களுக்கு: பழைய சிம்மை முதலில் கேன்சல் செய்துவிடாதீர்கள், நம்பர் கைவிட்டுப் போகும். பிஏசி என்று ஆங்கிலத்தில் அடித்து 65075க்கு மெசேஜ் அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் கோட் வந்துவிடும், 30 நாள் செல்லும். அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் நம்பர் மாறிவிடும், பழைய கணக்கும் தானாக மூடிக்கொள்ளும்.