ஊருக்குப் போறப்ப பால் பாட்டில் எப்படிக் கழுவுறீங்க?

செங்காங் அம்மா: பாப்பாவுக்கு 4 மாசம், அடுத்த மாசம் சிங்கப்பூர்லேர்ந்து மதுரை போறோம். பாட்டில்ல கிருமி போக்குற ஸ்டீமரைத் தூக்கிட்டுப் போக முடியாது, பெட்டி முழுக்க மாமியார் கேட்ட சாமான்தான் 😅 பிளேன்லயும் அங்க போயும் பாட்டிலை என்ன பண்றது?

ஈசூன் அக்கா: ஸ்டீமர் வேணாம்மா, ஸ்டெரிலைசிங் டேப்லெட் வாங்கிக்கோ, தண்ணில கரைக்கிற கிருமிநாசினி மாத்திரை. முதல்ல சோப்பு போட்டு பிரஷ்ல நல்லா தேச்சுடு, நிப்பிளைத் தனியா கழட்டு, அதுல ஒட்டுற பாலாடை போகலன்னா எந்த மாத்திரையும் உதவாது. அப்புறம் மூடி போட்ட டப்பால மாத்திரை கரைச்ச தண்ணில முக்கி வை, உள்ள காத்துக்குமிழி நின்னா அந்த இடத்துல மருந்து படாது, சாய்ச்சு முக்கணும். நேரமும் தண்ணி அளவும் பாக்கெட்லயே இருக்கும்.

தெம்பனிஸ் அப்பா: பிளேன்ல கழுவவே கழுவாதீங்க, டாய்லெட் குழாய்த் தண்ணி குடிக்கிற தண்ணி இல்ல. ரெண்டு மூணு பாட்டில் எக்ஸ்ட்ராவா வீட்லயே ரெடி பண்ணி மூடி எடுத்துட்டுப் போங்க, டிலே ஆனா அதான் கைகொடுக்கும். சாங்கி ஏர்போர்ட்ல பாப்பாவுக்குப் பால் கொடுக்குற நர்சிங் ரூம்ல சுடுதண்ணி கிடைக்கும்.

உட்லண்ட்ஸ் ஆன்ட்டி: ஊர் வீட்ல அடுப்பு இருக்குல்ல, பெரிய பாத்திரத்துல 5 நிமிஷம் கொதிக்கவிட்டா போதும். யாராச்சும் முந்தானையில துடைக்க வந்தா மட்டும் பிடுங்கிடு, அப்படியே காயட்டும்.

செங்காங் அம்மா: ஹாஹா ஆன்ட்டி, அது எங்க அத்தையேதான். டேப்லெட் முஸ்தபா கடையில கிடைக்குமா?