சைக்கிள் வந்த பிறகு: பார்த்ததும் பட்டதும்

விவசாயக் குடும்பங்களுக்கு நன்கொடையாகச் சைக்கிள் வழங்கும் ஒரு சிறு குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். சைக்கிள் கொடுக்கும் அன்று எடுத்த படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நான் எழுத வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து நேரில் பார்த்ததை. வாங்கி ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

கொடுத்ததில் எத்தனை ஓடுகின்றன என்று கணக்கெடுக்கத்தான் போனோம். முதல் வீட்டில் ஓர் அம்மா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் எப்படி உதவுகிறது என்று கேட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பற்றிச் சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் சொன்னது இது: "இப்பல்லாம் சாயங்காலப் பால் வீணாப் போறதில்ல."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவரே விளக்கினார். பால் வாங்கும் இடம் அங்கிருந்து 7 கிலோமீட்டர். நடந்தால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. காலையில் கறந்த பாலைத் தலையில் வைத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். சாயங்காலம் இன்னொரு தடவை அதே நடை என்றால் திரும்பி வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். குளிரூட்டாத பால் வெயில் காலத்தில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் சாயங்காலப் பாலில் வீட்டுக்குப் போக மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவாராம். சைக்கிளில் அதே தூரம் அரை மணி. கேரியரின் இரு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார். மாடும் தீவனமும் அதேதான். விற்கிற பால் மட்டும் கூடியிருக்கிறது.

அன்றைக்கு நான் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று மட்டும் வீடுவீடாகக் கேட்டேன். தானியம் அரைக்க மில்லுக்குப் போவது ஒரு முழு நாள் வேலையாக இருந்தது அரை நாளாகச் சுருங்கியிருந்தது. தண்ணீருக்கு ஐந்து நடை நடந்த வீட்டில் கேன்களைக் கட்டி இரண்டு நடையில் முடித்துக்கொண்டிருந்தார்கள். விதை, உரம் எல்லாம் மழைக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தன.

காய்கறி போடும் ஒருவர் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் வியாபாரி வயல் வரப்புக்கே வந்து ஒரு விலை சொல்வார். தக்காளி பழுத்து நிற்கும், சுமந்து போக வழியில்லை, சொன்ன விலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சைக்கிள் வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை அவரே சந்தைக்கு இரண்டு கூடை கொண்டு போகிறார். மற்ற நாட்களில் பழைய வியாபாரியிடமே விற்கிறார், ஆனால் விலை கூடக் கிடைக்கிறது. சந்தை விலை இவருக்குத் தெரியும், வேண்டாமென்றால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்பது வியாபாரிக்கும் தெரியும். கொண்டு போகாத நாளில்கூட அந்தச் சைக்கிள் இவருக்காகப் பேரம் பேசியிருக்கிறது!

நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை குடும்பத் தலைவர் பெயரில்தான் எழுதிக் கொடுத்தோம். ஒரு வீட்டில் சைக்கிள் பளபளவென்று பூட்டி நின்றது, சாவி அவர் இடுப்பில். அவர் மனைவி அதே வாசல் வழியாகத் தலையில் சுமையோடு நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சுமப்பது யார், தினமும் அதிக தூரம் நடப்பது யார் என்று கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த முறை பெண்கள் பெயரில் எழுதினோம். வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து, எந்த நேரத்தில் யார் எடுப்பது என்று அவர்களையே பேசி முடிவு செய்யச் சொன்னோம். எல்லா வீட்டிலும் அது நின்றது என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலான வீடுகளில் நின்றது.

*

அக்கா, அந்தப் பூட்டின சைக்கிளைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பெயரில் வந்த சைக்கிளை என் கையில் கொடுத்ததால் படித்தவள் நான்.

எங்கள் வீட்டில் நிலமும் ஆடும் உண்டு, பள்ளிக்கூடம் 6 கிலோமீட்டர். நடந்து போன காலத்தில் விடிவதற்கு முன்னால் கிளம்புவேன். வயல் வேலை இருக்கும் மாதங்களில் கிளம்பத் தாமதமாகும், பாதி வழியில் முதல் மணி அடித்திருக்கும் என்று தெரிந்ததும் திரும்பி வந்த நாட்கள் உண்டு. வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். திரும்பி வரும் வழியில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு இடம், அங்கே சில பையன்கள் நிற்பார்கள். அதைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை, சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

சைக்கிள் வந்தபோது சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. இரண்டு வாரம் குரங்குப் பெடல்தான். முட்டி முழுக்கக் காயம். அப்புறம் தங்கையைக் கேரியரில் வைத்து டபுள்ஸ் போகிற அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தப் பையன்கள் நின்ற இடத்தை இப்போது அரை நிமிடத்தில் தாண்டினேன். வீட்டுக்கு வந்தும் வெளிச்சம் மிச்சமிருந்தது, உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். சனி ஞாயிறு அண்ணன் அதே சைக்கிளில் வயலுக்கு உரம் கொண்டு போவான். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. வீட்டுக்கும் பயன்பட்டதால்தான் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்" என்ற பேச்சு அடங்கியது.

இப்போது நான் ஆசிரியை. பயிற்சிக் காலத்தில் ஒரு ஆய்வைப் படித்தபோது என் கதையை யாரோ எழுதி வைத்தது போல இருந்தது. பீகாரில் 2006இல் 9ஆம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க அரசே பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் கூடியிருந்தது. அந்தப் பலன் பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிராமங்களில்தான் பெரும்பாலும் தெரிந்தது. ஜாம்பியாவில் கிராமப்புற மாணவிகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், சைக்கிள் கிடைத்தவர்கள் பள்ளிக்கு வராத நாட்கள் கால் பங்குக்கு மேல் குறைந்தன. போகிற வழியில் தொந்தரவும் குறைந்ததாக அந்தப் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். நான் வீட்டில் சொல்லாத விஷயத்தை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்களே என்று அதைப் படித்த அன்று அழுதேன்.

*

நான் சைக்கிள் மெக்கானிக். 22 வருடமாக இதே தொழில். நல்ல மனதோடு அனுப்பிய சைக்கிள்கள் மூன்றே மாதத்தில் கோழிக்கூண்டுக்குச் சட்டமாகிப் போனதைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் நிறைய பழைய சைக்கிள்கள் வந்தன. பார்க்க அழகாக இருந்தன. கியர் வைத்தது, பந்தயத்துக்கு ஓட்டுவது, சஸ்பென்ஷன் வைத்தது என்று பத்து விதம். இறக்கி வைத்ததும் முதல் சிக்கல் காற்றடிப்பதிலேயே ஆரம்பித்தது. வால்வு மூன்று வகை. பழைய கறுப்புச் சைக்கிள்களில் இருக்கும் ரப்பர்க் குழாய் போட்ட வால்வு, கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு, பந்தயச் சைக்கிளில் வரும் மெல்லிய வால்வு. கிராமத்தில் இருந்த ஒரே பம்ப் முதல் வகைக்கு மட்டும்தான் பிடிக்கும்.

அடுத்தது டயர். 26 அங்குலம் என்று ஒரே எண் அச்சடித்த டயர்களிலேயே ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை உண்டு. 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கான டயர் 590 ரிம்மில் ஏறவே ஏறாது. பாவம், ஒரு விவசாயி அரை நாள் பயணம் செய்து "26" என்று கேட்டு வாங்கி வந்த டயரைப் பார்த்து, இது சேராது என்று நான் சொல்ல வேண்டி வந்தது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கியர் சைக்கிள்களில் மண்ணும் சேறும் ஏறி செயின் தாவத் தொடங்கியது. மாற்றுச் சாமான் எங்கும் இல்லை. அப்புறம் அவை சுவரில் சாய்ந்து கிடந்தன.

வேலைக்கு ஆகும் சைக்கிள் வேறு மாதிரி. கனமான இரும்புச் சட்டம், தடித்த ஆரக்கம்பிகள், சட்டத்தோடு இறுகப் பிடித்த அகலமான கேரியர், சுமையோடு நிறுத்தினாலும் சாயாத ஸ்டாண்ட். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒயரும் கிடையாது, மழையில் வழுக்கும் பிரேக் கட்டையும் கிடையாது. வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சைக்கிள் கொடுத்து வேலையைத் தொடங்கியது, பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனது. அவர்களுடைய 'பஃபலோ' சைக்கிளை இந்தக் கணக்கில்தான் வடிவமைத்தார்கள். 100 கிலோ வரை சுமக்கும். சைக்கிளோடு நிறுத்தாமல் உள்ளூர் ஆட்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து, சாமான் கிடைக்கவும் ஏற்பாடு செய்கிறார்கள். தொழில்காரனாக நான் மதிப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் கேன், மூட்டை எல்லாம் ஏற்றினால் பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான். ஒரு ஆரக்கம்பி அறுந்து அப்படியே விட்டால் பக்கத்துக் கம்பிகள் அந்தப் பாரத்தையும் வாங்கி அவையும் அறும். பிறகு ரிம் கோட்டமாகி சட்டத்தில் உரசும். முதல் கம்பியிலேயே வந்தால் பத்து நிமிட வேலை. ஓடையில் இறக்கி ஓட்டினால் அச்சில் இருக்கும் கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். பால்ரஸ் காய்ந்து தேயும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பிரித்துத் துடைத்துக் கிரீஸ் வைத்துவிடுங்கள்.

*

சுருக்கமாக எழுதுகிறேன். கிராம சுகாதாரத் தொண்டராக இருக்கிறேன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களை ஆறு மாதம் விடாமல் போய்ப் பார்க்க வேண்டும். நடந்து போனபோது ஒரு நாளைக்கு நான்கு வீடு, இப்போது பத்து வீடு பார்க்கிறேன். வயலில் வேலை செய்பவர்கள் அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான் வீட்டில் இருப்பார்கள். அந்த நேரத்தில் போய்ப் பார்க்க முடிவதே பெரிய உதவி.

ஆனால் ஒன்று. பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைக் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போக முயன்றோம். முடியவில்லை, பாதியில் இறக்கி, கட்டிலில் தூக்கிக்கொண்டு போனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சைக்கிள் வந்துவிட்டது, இனி சாலையும் வண்டியும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காலச் சேற்றில் சைக்கிளையே நாம்தான் தூக்க வேண்டியிருக்கிறது.

*

மறுபடியும் நான்தான், முதலில் எழுதியவள். மெக்கானிக் அண்ணன் சொன்ன 26 அங்குல விஷயம் எங்களுக்குத் தெரியாது. கொடுப்பவர்கள் தரும் பட்டியலில் அங்குலம் மட்டும்தான் இருக்கும், இனி ரிம் அளவை மில்லிமீட்டரில் கேட்டு வாங்கப் போகிறேன். ஆசிரியை அம்மா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வழியில் ஏற்படும் தொந்தரவைப் பற்றி எங்கள் கேள்வித்தாளில் ஒரு வரிகூட இல்லை. பெண் தொண்டர்கள் தனியாகப் பேசிக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

சாமான் செலவுக்கு ஒரு கிராமத்தில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சைக்கிள் இல்லாத வீட்டுக்காரர்கள் சந்தைக்கோ மில்லுக்கோ இரவல் எடுத்தால் ஒரு சிறு தொகையைப் பொது உண்டியலில் போட வேண்டும். டியூப், பேட்ச், பசை எல்லாம் அதிலிருந்து வாங்குகிறார்கள். கணக்கு எழுதுவது அந்தச் சாயங்காலப் பால் அம்மாதான்.

அவருடைய மகளுக்கு 16 வயது. பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறாள். பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் எனக்கே தெரியும், சொல்லிக்கொடுத்துவிட்டேன். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதுதான் எனக்கு வராது. அண்ணன், எந்தக் கம்பியை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்று படிப்படியாக எழுதித் தருவீர்களா? அச்செடுத்து அவளிடம் கொடுக்கிறேன்.