கொலஸ்ட்ரால் 182, சுகர் 96: ரெண்டும் நார்மல்னு விட்டுடலாமா?

வெண்ணாறு:
மன்னார்குடியில் எடுத்த ரிப்போர்ட். ஆண், வயது 38, இடுப்பு 96 செ.மீ., பிரஷர் 128/84. மொத்தக் கொலஸ்ட்ரால் 182, டிரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கிற கொழுப்பு) 214, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 105, வெறும் வயிற்று சுகர் 96. "கொலஸ்ட்ரால் 200-க்குள்ள இருக்கு, சுகரும் இல்ல, எண்ணெயை மட்டும் குறைங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. சரிதானா?

குடமுருட்டி:
விடாதீங்க சார். 182-ஐ ஒதுக்கி வெச்சுட்டு 214-ஐயும் 34-ஐயும் பாருங்க. முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா 6.3. மூணைத் தாண்டினாலே இன்சுலின் எடுபடலையோன்னு சந்தேகம் வரணும்.

இன்சுலின் எடுபடாத உடம்புல, சேமிப்புக் கொழுப்பு கரைஞ்சு கல்லீரலுக்கு வந்துக்கிட்டே இருக்கும். கல்லீரல் அதை விஎல்டிஎல்லா (டிரைகிளிசரைடைச் சுமக்கிற துகளா) கட்டி ரத்தத்துல விடும், டிரைகிளிசரைடு ஏறும். அந்த விஎல்டிஎல் டிரைகிளிசரைடைக் கொடுத்து ஹெச்டிஎல்லோட கொலஸ்ட்ராலை வாங்கிக்கும். அப்படி மாறின ஹெச்டிஎல் சீக்கிரம் சிதைஞ்சிடும். கணையம் கூடுதலா சுரந்து ஈடுகட்டுற வரைக்கும் சுகர் 96-லயே நிக்கும். சுகர் ஏற பல வருஷம் முன்னாடியே லிப்பிட் (ரத்தக் கொழுப்பு எண்கள்) காட்டிக்கொடுக்கிறது இதனாலதான்.

2009-ல ஒன்றுபடுத்தின வரையறைப்படி அஞ்சுல மூணு இருந்தா வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டு (மெட்டபாலிக் சிண்ட்ரோம்): நம்மாட்களுக்கு இடுப்பு ஆண் 90, பெண் 80 செ.மீ.; டிரைகிளிசரைடு 150; ஹெச்டிஎல் ஆண் 40, பெண் 50-க்குக் கீழ்; பிரஷர் 130/85; சுகர் 100 (ஹெச்டிஎல் தவிர மத்ததெல்லாம் இந்த அளவோ அதுக்கு மேலயோ). இவருக்கு முதல் மூணும் இருக்கு. சுகரும் பிரஷரும் விளிம்புல.

எல்டிஎல் 105-ஐ நம்பி உட்காராதீங்க. அது அளந்தது இல்ல, கணக்கு: 182 − 34 − (214 ÷ 5). டிரைகிளிசரைடு 400 தாண்டினா இந்தக் கணக்கே செல்லாது. 182-ல 34 போனா 148. இந்த நான்-ஹெச்டிஎல் (ஹெச்டிஎல் போக மீதிக் கொலஸ்ட்ரால்)தான் உருப்படியான எண்.

அரசலாறு:
லேப் பக்கத்துல இருந்து ஒரு விஷயம். அந்த 96 எந்தக் குழாய்ல எடுத்ததுன்னு கேளுங்க. சாம்பல் மூடி ஃபுளோரைடு குழாயா இல்லாம, சீரமும் பிரிக்காம வெச்சிருந்தா ரத்த அணுக்களே சுகரைத் தின்னுடும். மணிக்கு 5–7 சதவீதம் இறங்கும். நம்ம சித்திரை வெயில்ல பைக் பெட்டியில வந்தா இன்னும் மோசம். காலை 7-க்கு எடுத்து 10-க்கு கும்பகோணத்துல மெஷின்ல ஓட்டினா 110 கூட 96 ஆகும். ஃபுளோரைடும் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் முழுசா தடுக்காது. சீக்கிரம் சுழற்றிப் பிரிக்கிறதுதான் வழி.

டிரைகிளிசரைடும் ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் 20 சதவீதம் வரை ஆடும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. அதுவரை வழக்கமான சாப்பாடு. டெஸ்ட்டுக்காக மூணு நாள் பத்தியம் இருந்தா ரிப்போர்ட்தான் அழகா வரும். முந்தின நாள் கல்யாணப் பந்தி, மது ரெண்டும் வேண்டாம். 10–12 மணி நேரம் தண்ணி மட்டும். "டிகிரி காபி மட்டும்தான் குடிச்சேன்"னு வர்றவங்கதான் அதிகம். பாலும் சீனியும் போனா அது வெறும் வயிறு இல்ல. 5 நிமிஷம் உட்கார வெச்சு எடுக்கணும். கைக்கட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல இறுக்கி வெச்சா ரத்தம் செறிவாகி லிப்பிட் எண்கள் கூடிடும்.

வெண்ணாறு:
நன்றி. அப்ப எண்ணெய்?

குடமுருட்டி:
எண்ணெயை மட்டும் குறைச்சா 214 பெருசா அசையாது. சோறு, இனிப்பு, மது, தொப்பை – இதுங்க குறையணும். மதியமும் ராத்திரியும் சோறுன்னா ஒரு வேளையைப் பாதியாக்கி, சுண்டலோ முட்டையோ மீனோ வைங்க.

வடவாறு:
அந்த 6.3-ஐ வெச்சே நோய்னு முடிவு கட்டிடாதீங்க; விகிதம் சந்தேகத்துக்குத்தான். தைராய்டு குறைஞ்சாலும், சிறுநீர்ல புரதம் போனாலும், ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் லிப்பிட் கெடும். டிஎஸ்ஹெச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), சிறுநீர், எஸ்ஜிபிடி (கல்லீரல்) சேர்த்துப் பார்க்கணும். ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) 5.7–6.4 வந்தா சர்க்கரை நோயின் முன்நிலை. ஆனா ரத்தசோகை இருந்தா அது ஏமாத்தும். குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கிறது நல்லது: 140–199 முன்நிலை, 200-ஓ அதுக்கு மேலயோ சர்க்கரை நோய். 75 கிராம் நீரற்ற குளுக்கோஸ். மோனோஹைட்ரேட் பொடின்னா 82.5 கிராம். 300 மில்லி தண்ணில கரைச்சு 5 நிமிஷத்துக்குள்ள குடிக்கணும், ரெண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்கணும். நடுவுல கடைத்தெரு போயிட்டு வந்தா எண் குறைவா வரும்.